கம்பத்தடியில் மூன்று கைப்பிடிகள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. 1973ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. நல்லூரில் ஆறுமுகசாமியின் பனியன் கம்பெனியில், பிசிறு வெட்டி மடித்து வைத்த பனியன்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள் தெய்வாத்தாள். மாரப்பன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு நின்றான். உள்ளே வரவில்லை. அவள் கணவன் ஆத்தப்பனோடு ஒரே செக்ஷன் ஆபீசில் லைன்மேன் வேலை பார்ப்பவன். காலையில் அவனும் ஆத்தப்பனும் ஒன்றாகத்தான் அந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்திருந்தார்கள்.

ஆத்தப்பன் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டான், கரண்ட் அடித்துவிட்டது என்பதை மாரப்பன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். பதற்றமில்லாமல், தவறான வீட்டுக்கு வந்த ஆளுக்கு வழி சொல்வதைப் போல மறுத்தாள்.

"இல்லீங்ண்ணா. அவரு எறங்கீட்டாருங்க. ஹேண்டில் திரும்பி வந்துருச்சு. என்ற கண்ணால பாத்தனுங்க."

கம்பெனிக்குப் பின்பக்கம் ஆயில் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. மாரப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது.

ஒரு எஞ்சின் கைப்பிடியைப் பார்த்துக் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு பெண் நம்பியது எப்படி என்று கேட்டால், ஆத்தப்பனின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குண்டடம் பக்கம் வானம் பார்த்த பூமிக்காரன் அவன். எட்டாவது வரை படித்தவன். கிணற்று மோட்டார்களுக்காக அவன் ஊருக்கு லைன் இழுத்த வருஷம், கம்பம் நடக் குழி தோண்டும் கூலிக்குப் போனான். குழி தோண்டியவர்கள் எல்லோரும் லைன் வேலை முடிந்ததும் காட்டுக்குத் திரும்பினார்கள். இவன் மட்டும் அடுத்த ஊருக்கு, அதற்கடுத்த ஊருக்கு என்று கம்பங்களோடு நடந்துகொண்டே இருந்து, 1961இல் திருப்பூர் வந்து சேர்ந்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் குன்னத்தூரிலிருந்து தெய்வாத்தாளைக் கட்டியிருந்தான். நல்லூரில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினார்கள். மகள் ஒருத்தி.

அவன் பார்த்துக்கொண்ட லைன் ஒரே நீளமாகக் கிடந்த லைன். ஒரு கோடியில் வேப்பங்கிளை கம்பியில் சாய்ந்தால் மறுகோடி வரைக்கும் கரண்ட் போய்விடும். போனால் பின்னல் மெஷினில் இருக்கும் துணியில் ஒரு கோடு விழும். அந்த இடத்தை வெட்டித் தள்ள வேண்டியதுதான். டெய்லர்கள் பீடி பற்றவைப்பார்கள். தைத்து வராவிட்டால் பிசிறு வெட்டுபவர்களுக்கு வேலையில்லை. தெய்வாத்தாள் வீட்டுக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு என்ன ஆயிற்று என்பதாகவே இருக்கும். ஊரில் ஆயிரம் பேர் கேட்க நினைத்த கேள்வி அவனுக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் அவன் தரையில் புளியங்கொட்டைகளை நீளமாக அடுக்கினான். இது டிரான்ஸ்ஃபார்மர், இது நம் தெரு, இது பள்ளிக்கூடம் என்று காட்டினான். வரிசையில் ஓரிடத்தில் விரலை வைத்து, இங்கே ஒரு சுவிட்ச், அங்கே ஒரு சுவிட்ச் போட்டால், கெட்ட பாகத்தை மட்டும் தனியாகக் கழற்றிவிட்டு மற்றதை ஓட்டலாம் என்றான்.

"கரண்டு போறது பெருசில்ல புள்ள. எங்க போச்சுன்னு தேடறதுலதான் பாதி நாள் போகுது."

"அப்பறம் ஏன் போடலியாமா?"

"கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

இரண்டு வருஷம் கேட்டான். ஆபீசுக்கு இன்ஜினியராக வந்த ஜே.இ. ஒவ்வொருவரிடமும் கேட்டான். மாற்றலாகிப் போகிறவரிடம் கேட்டதை, வருகிறவரிடம் மறுபடி முதலிலிருந்து கேட்டான். 1968இல் ஒரு சுவிட்ச் வந்தது. இன்னொன்று வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு காக்கை கம்பியில் சிக்கினால் மூன்றில் ஒரு பங்கு ஊர்தான் இருண்டது. கரண்ட் போன தெருக்காரர்கள் முன்பு போலவே ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டார்கள். போகாத இரண்டு பாகத்துக்காரர்களுக்கு, போகவில்லை என்பதே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைப் பார்த்து யாரும் லைன்மேனை நினைப்பதில்லை. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சில நாட்கள் சாயங்காலம், கரண்ட் இருக்கும் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டு வருவான்.

எழுபத்திரண்டு கடைசியிலும் எழுபத்து மூன்றிலும் மழை இல்லை. அணைகள் வற்றின. ஊர் ஊராக மணி வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். நல்லூருக்குப் பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை. கம்பெனிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆயில் எஞ்சின் வாங்கி, டைனமோவோடு பெல்ட் போட்டு, தாங்களே கரண்ட் எடுத்தார்கள். ஆத்தப்பனின் லைனில் ஒன்பது கம்பெனிகளில் எஞ்சின் வந்தது.

அதில் இருந்த வினையை முதலில் கண்டவன் அவன்தான். சித்திரையில் ஒருநாள், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸை எல்லாம் பிடுங்கி வைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறியவன், வழக்கப்படி டெஸ்ட் விளக்கைக் கம்பியில் வைத்துப் பார்த்தான். செத்த லைனில் விளக்கு மங்கலாக எரிந்தது. கம்பெனியில் மெயின் சுவிட்சை இறக்காமல் எஞ்சினைப் போட்டால், அந்தக் கரண்ட் மெஷினுக்கு மட்டும் போவதில்லை. வந்த வழியிலேயே திரும்பி வீதிக்கும் ஏறிவிடும். ஆபீசிலிருந்து வரும் கரண்டை அவன் நிறுத்தலாம். தெருவே தயாரிக்கிற கரண்டை யார் நிறுத்துவது?

இதற்கு மருந்து ஒன்றுதான். சேஞ்சோவர் என்று ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் வீதிக் கரண்ட், கீழே தள்ளினால் எஞ்சின் கரண்ட். இரண்டும் ஒருசேர இருக்க முடியாது. அதை மாட்ட அரை நாள் கம்பெனியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கரண்டே பாதி நாள் இல்லாத வருஷத்தில், இருக்கிற பாதி நாளையும் நிறுத்து என்று எவனால் சொல்ல முடியும்? ஆத்தப்பன் சொன்னான். ஒன்பது கம்பெனிக்கும் நடந்தான். நயமாகவும் சொன்னான், பயமுறுத்தியும் சொன்னான். ஆடி முடிவதற்குள் ஆறு கம்பெனிகளில் மாட்டிவிட்டார்கள். மீதி மூன்றும் ஒரே தெருவில், ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தன. அதில் ஒன்று தெய்வாத்தாள் வேலை பார்த்த ஆறுமுகசாமியின் கம்பெனி. கல்கத்தா பார்சல் போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது அவர் வாடிக்கையாகச் சொல்லும் பதில்.

அந்த மூன்றும் மாட்டும் வரைக்கும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஆத்தப்பன் சித்திரையிலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஆயில் எஞ்சினைக் கிளப்ப ஒரு இரும்புக் கைப்பிடி வேண்டும். அதை மாட்டிச் சுற்றினால்தான் எஞ்சின் எழும். அந்தத் தெருவில் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் அவன் மூன்று கம்பெனிக்கும் போய், மூன்று கைப்பிடிகளையும் கேட்டு வாங்கி, கம்பத்தடியில் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். இறங்கியதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பான். வேறு எந்த ஊரிலும் எந்த லைன்மேனும் இப்படிச் செய்ததாகக் கேள்வியில்லை. கம்பெனிகளில் அவனுக்கு வசூல்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

"வசூலுக்கு வந்துட்டாருடா. ஹேண்டிலக் குடுத்தனுப்புங்க, இல்லாட்டி மொதலாளிய எடுத்துட்டுப் போயிருவாரு" என்பார் மேஸ்திரி மயில்சாமி. டெய்லர்கள் சிரிப்பார்கள். தெய்வாத்தாளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். வீட்டில் அவளும் விடுவதில்லை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்பாள். கைப்பிடி போனால் அவன் மேலே ஏறுகிறான், திரும்பி வந்தால் இறங்கிவிட்டான். நாலு மாதத்தில் அவள் கையும் அதற்குப் பழகியிருந்தது. போனதும் பனியன் அடுக்கு பன்னிரண்டில் கணக்குத் தப்பும். வந்ததும் சரியாகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அவன் வந்தான். தெருக்கோடியில் கம்பத்து உச்சியில் ஜம்பர் ஒன்று அறுந்திருந்தது. ஒரு பக்கக் கம்பியையும் மறுபக்கக் கம்பியையும் சேர்க்கிற சிறு துண்டுக் கம்பியைத்தான் ஜம்பர் என்பார்கள். மயில்சாமி கைப்பிடியைக் கொடுத்தார். வசூல் பேச்சும் சிரிப்பும் வழக்கம்போல நடந்தன. போகிறபோது ஆத்தப்பன் தெய்வாத்தாளின் பக்கம் திரும்பி, சாயங்காலம் மகளின் செருப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கிவிடு என்று சொன்னான். அவள் தலையாட்டினாள்.

பதினொன்றுக்கு வழக்கமான கரண்ட் நிறுத்தம் தொடங்க வேண்டிய நேரம். லைன் முன்பே நிறுத்தப்பட்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினொன்று ஐந்து இருக்கும். மயில்சாமி பின்பக்கத்திலிருந்து எஞ்சின் அறைக்குப் போவதை தெய்வாத்தாள் பார்த்தாள். கையில் கைப்பிடி.

இறங்கிவிட்டான் என்று நினைத்தாள். கரண்ட் வரவில்லையே என்று நினைக்க வழியில்லை. பதினொன்றிலிருந்து ஒன்று வரை கரண்ட் எப்படியும் இருக்காது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மெஷின்கள் எழுந்தன. தைத்த துணி வரத் தொடங்கியது. அவள் சந்தோஷமாகவே கத்திரியைக் கையில் எடுத்தாள். பிறகு வந்த வருஷங்களில் எதை மறந்தாலும் இந்தச் சந்தோஷத்தை அவளால் மறக்க முடியவில்லை.

மயில்சாமியின் கையில் இருந்தது வேறொரு கைப்பிடி. ஆறுமுகசாமியின் தோட்டத்துக் கிணற்றில் அதே மாதிரி எஞ்சின் ஒன்று இருந்தது. கல்கத்தா பார்சல் அன்று மாலை ரயிலேற வேண்டும். முதலாளி தோட்டத்துக்கு ஆளனுப்பிக் கைப்பிடியை வரவழைத்திருந்தார். மயில்சாமிக்குப் புத்தியில்லாமல் இல்லை. மெயினை இறக்காமல் எஞ்சினைப் போட்டால் மேலே இருப்பவன் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். மெயினை இறக்கிவிட்டுத்தான் போட்டார். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மெயின்கள். மெஷின்களுக்கு ஒன்று. முதலாளி அறை விளக்குக்கும் விசிறிக்கும் இன்னொன்று. எஞ்சின் கரண்ட் இரண்டு பக்கமும் போகும்படி வயர் இழுத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால், காலண்டருக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன மெயின் அவர் நினைவுக்கு வரவேயில்லை.

கம்பத்தில் ஆத்தப்பனிடம் எர்த் சங்கிலி ஒன்று இருந்தது. கம்பிகளின் மேல் வீசிப் போட்டால், தப்பித் தவறி வரும் கரண்ட் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். லைன் ஒரே கம்பியாக இருக்கும் நாளில் சங்கிலியை எந்தப் பக்கம் போட்டாலும் போதும். அன்றைக்கு நடுவே ஜம்பர் அறுந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத் துண்டுக்குச் சங்கிலியைப் போட்டான். கம்பெனிகள் இருந்த மறுபக்கத் துண்டுக்கு அவன் நம்பியது காலடியில் கிடந்த மூன்று கைப்பிடிகளை. ஏறியவுடன் விளக்கு வைத்துப் பார்த்திருந்தான், எரியவில்லை. அப்போது எஞ்சின் ஓடவில்லை. பதினொன்று ஐந்துக்கு அவன் மறுபக்கக் கம்பியைக் கையில் பிடித்து நுனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான் என்று மாரப்பன் சொன்னான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஆபீசர்கள் வந்தார்கள். கம்பத்தடியில் மூன்று கைப்பிடிகளும் இருந்ததை மாரப்பன் சொன்னான். மூன்று கம்பெனிக்காரர்களும் அவரவர் கைப்பிடியை அடையாளம் காட்டினார்கள். கைப்பிடி இல்லாமல் எஞ்சின் எப்படிங்க ஓடும் என்று ஆறுமுகசாமி கேட்டார். தோட்டத்துக் கைப்பிடி அன்று மதியமே தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆத்தப்பன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு, இப்போது மூன்று கம்பெனியையும் காத்து நின்றது.

தெய்வாத்தாள் முக்காட்டோடு வந்து தான் பார்த்ததைச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதை மாரப்பனும் சொன்னான். எந்தக் கம்பெனி எஞ்சின் என்று கேட்டார்கள். பின்பக்கம் இரண்டு கம்பெனிகளின் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவனால் சத்தியம் செய்ய முடியவில்லை. உள்ளே இருந்த முப்பது பேரையும் வரிசையாகக் கேட்டார்கள். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு வருஷம் பிசிறு வெட்டிய வேலாத்தாள், தனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றாள். ஆபீசர்கள் போன பிறகு சந்தில் அவளைப் பிடித்து நிறுத்தினாள் தெய்வாத்தாள்.

"உனக்குக் கேக்கலியா வேலா?"

"கேட்டுச்சுக்கா."

தெய்வாத்தாள் அவள் கையை விட்டாள்.

"மூணு கொழந்தைங்கக்கா" என்றாள் வேலாத்தாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளைத் தேற்ற வேண்டிய பொறுப்பும் தெய்வாத்தாளுக்கே வந்து சேர்ந்தது.

எங்கிருந்தோ வந்த கரண்ட் என்று அறிக்கையில் எழுதினார்கள். சடங்கு முடிந்த மறுநாள் மயில்சாமி வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மெயின எறக்கீட்டுத்தானுங்க போட்டேன். சாமி சத்தியமா எறக்குனனுங்க. ஒண்ணத்தான் எறக்குனேன்."

"ஆபீசருகிட்டச் சொல்றதுதானுங்களே?"

"மொதலாளி வேண்டாம்ன்னாருங்க."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டினால் அவர் கொஞ்சம் லேசாகிப் போவார் என்று தோன்றியது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் போன பிறகு, அன்றைக்கு அவர் கைப்பிடியோடு நடந்து போனபோது ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தோம் என்று நினைத்தாள். அவரு எறங்கிட்டாருங்களா என்று கேட்டிருந்தால் போதும். மயில்சாமி பொய் சொல்லத் தெரிந்தவர் அல்ல. தயங்கியிருப்பார். அந்தத் தயக்கத்தைப் பார்த்திருந்தால் தெருக்கோடிவரை ஓடியிருப்பாள். கத்தினால் கேட்கிற தூரம்தான்.

வாரிசு வேலைக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தபாடில்லை. வேறு கம்பெனிகளில் கேட்டாள். கரண்ட் இல்லாத வருஷத்தில் எல்லா இடத்திலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். புரட்டாசியில் அவள் மறுபடி ஆறுமுகசாமியின் கம்பெனிக்கே போனாள். அவள் இடத்தை அப்படியே காலியாக வைத்திருந்தார்கள். முதலாளி அவள் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அவள் நல்லபடியாகப் பதில் சொன்னாள். பதினொன்றுக்கு எஞ்சின் எழும்போது கத்திரியைக் கீழே வைத்துவிடுவாள். சற்று நேரம் கழித்து எடுத்துக்கொள்வாள். இதை வேலாத்தாளைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆத்தப்பன் கேட்டு நடந்த மூன்று சேஞ்சோவர்களையும் அவன் இறந்த இருபதே நாளில் வாங்கி வந்தார்கள். ஆபீசிலிருந்து கண்டிப்பான கடிதம் வந்திருந்தது. இரண்டு கம்பெனிகளில் அந்த மாதமே மாட்டினார்கள். ஆறுமுகசாமியின் எஞ்சின் அறையிலும் தச்சன் வந்து சுவரில் பலகை அடித்தான். சுவிட்ச் பெட்டியைப் பலகையில் முடுக்கினார்கள். வயரிங் ஆள் வந்து குழாய் பதித்து, பெட்டி வரைக்கும் கம்பிகளை இழுத்துவிட்டான். இணைப்புக் கொடுக்க மட்டும் அரை நாள் கம்பெனியை நிறுத்த வேண்டும். அந்த வாரம் கல்கத்தா பார்சல் இருந்தது. தீபாவளி முடியட்டும் என்றார் ஆறுமுகசாமி. தீபாவளிக்குப் பிறகு பொங்கல் வந்தது. பார்க்க வந்த ஆபீசர் பலகையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, மாட்டியாயிற்று என்று எழுதிக்கொண்டு போனார். ஒருநாள் தெய்வாத்தாள் முதலாளியிடமே போய்க் கேட்டாள். கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன் அம்மணி என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்.

எழுபத்தாறு வைகாசியில் மகள் பியூசியில் சேர்ந்ததும் அவள் வேறு வேலைக்குப் போனாள். நின்றுகொள்ளும் நாளன்று எஞ்சின் அறைப் பக்கம் போய்ப் பார்த்தாள். பெட்டி மூடி திறந்து கிடந்தது. நான்கு கம்பிகளும் நுனியில் கறுப்பு டேப் சுற்றியபடி வெளியே தொங்கின. அவற்றை இறுக்க வேண்டிய நான்கு திருகுகள் பெட்டிக்குள், கடைக்காரன் மடித்துக் கொடுத்த காகிதப் பொட்டலத்திலேயே இருந்தன.